அஸ்திவாரம் ஆட்டம் காணும்போது

மைசூரில் வேலை இழந்த பயிற்சி இன்ஜினீயர்களின் கதைக்குப் பின்னால், கல்லூரிகள் மனப்பாடமாக்கிவிட்ட ஒரு பாடம் இருக்கிறது: தகவலை எப்படி அடுக்குவது, எப்படித் தேடுவது.

மைசூரின் ஹெப்பாள் தொழிற்பேட்டைப் பகுதியில் உள்ள இன்ஃபோசிஸ் வளாகத்தை முதல்முறை பார்ப்பவர்கள் சற்றுத் திகைத்துத்தான் போவார்கள். 300 ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பு. கிரேக்க, ரோமானியக் கோயில்களை நினைவூட்டும் தூண்கள் கொண்ட கல்வி மையம். உருண்டை வடிவில் ஒரு சினிமா தியேட்டர். நீச்சல் குளம், மைதானங்கள், வரிசை வரிசையாக விடுதிகள். ஒரே நேரத்தில் 10,000 பேருக்கு மேல் தங்கிப் படிக்கக்கூடிய இடம். 2009-இல் இதன் இரண்டாவது கல்வி மையத்தைத் திறந்துவைத்தவர் சோனியா காந்தி. கடந்த இருபது ஆண்டுகளில் தமிழ்நாட்டின் இன்ஜினீயரிங் கல்லூரிகளிலிருந்து ஆண்டுதோறும் பஸ்ஸிலும் ரயிலிலும் வந்து இறங்கும் இளைஞர்களுக்கு இது வேலை வாழ்க்கையின் வாசல். பெற்றோருக்கோ, ஊரில் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒரு முகவரி.

2025 பிப்ரவரி 7-ஆம் தேதி அதே வாசல் வழியாக 300-க்கும் மேற்பட்ட பயிற்சியாளர்கள் வெளியே அனுப்பப்பட்டார்கள். உள் தேர்வில் மூன்று முறை வாய்ப்பு தந்தும் தேறவில்லை என்பது நிறுவனம் சொன்ன காரணம். தேறாதவர்கள் தொடர முடியாது என்பது வேலை ஒப்பந்தத்திலேயே இருக்கிறது, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இதுதான் நடைமுறை என்றும் அது விளக்கியது. புனேயைச் சேர்ந்த ஐ.டி. ஊழியர் அமைப்பு ஒன்று, எண்ணிக்கை 700 வரை இருக்கும் என்றும், அன்று மாலைக்குள் பெட்டி படுக்கையுடன் கிளம்பச் சொன்னார்கள் என்றும் குற்றம் சாட்டி, மத்திய தொழிலாளர் அமைச்சகத்திடம் புகார் கொடுத்தது. அமைச்சகம் கர்நாடக அரசைக் கவனிக்கச் சொன்னது. மாநிலத் தொழிலாளர் துறை அதிகாரிகள் வந்து விசாரித்தார்கள். ஏப்ரலில் இன்னும் 240 பேருக்கு அதே கதி.

வெளியேற்றப்பட்டவர்களில் பலர் 2022-இல் கல்லூரி முடித்தவர்கள். கையில் நியமனக் கடிதத்தை வைத்துக்கொண்டு இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் காத்திருந்து, 2024 அக்டோபரில்தான் மைசூர் வந்து சேர்ந்தார்கள். ஆண்டுக்கு ரூ. 3.6 லட்சம் சம்பளம். படித்தது மறந்துபோகும் அளவுக்குக் காக்க வைத்துவிட்டு, வந்தவுடன் கடினமான தேர்வு வைப்பது எந்த ஊர் நியாயம் என்பது அவர்கள் பக்கத்துக் கேள்வி. அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்குக் கீழே இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. நான்கு ஆண்டு இன்ஜினீயரிங் படித்து, எட்டு செமஸ்டர் தாண்டி வந்த ஒருவருக்கு அந்தப் படிப்பு இரண்டே ஆண்டில் மறந்துபோகிறது என்றால், அவர் உண்மையில் கற்றது என்ன?

தேர்வில் இடம்பெற்றவை புரோகிராமிங்கும் டேட்டாபேஸும் என்று அப்போது செய்திகள் வெளியாயின. இந்த இரண்டுக்கும் அடியில் அஸ்திவாரமாக இருப்பது ஒரே பாடம். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், அல்காரிதம்ஸ். தகவலை எப்படி அடுக்கிவைப்பது என்பது முதலாவது. அடுக்கியதை வைத்து எந்தப் படிமுறையில் வேலையை முடிப்பது என்பது இரண்டாவது. தமிழ்நாட்டில் கம்ப்யூட்டர் சயன்ஸ் மாணவர்கள் இதை மூன்றாவது செமஸ்டரிலேயே சந்தித்துவிடுகிறார்கள். பலர் அங்கேயே விடைபெற்றும் விடுகிறார்கள்.

முப்பது கேள்விகள் போதும்

பாடத்தின் பெயர்தான் பயமுறுத்துகிறது. விஷயம் என்னவோ வீட்டுப் பீரோவில் துணி அடுக்கும் சமாசாரம்தான். வந்ததை எல்லாம் உள்ளே திணித்தால் அடுக்கும்போது நேரம் மிச்சம். அவசரத்துக்கு ஒரு சட்டை தேடும்போது தலைவலி. வகைப்படுத்தி மடித்துவைத்தால் அடுக்கும்போது சிரமம், எடுக்கும்போது சுகம். எங்கே சிரமப்படுவது, எங்கே சுகப்படுவது என்று முடிவு செய்வதுதான் டேட்டா ஸ்ட்ரக்சர்.

ஒரு வாக்காளர் பட்டியலை எடுத்துக்கொள்வோம். ஒரு லட்சம் பெயர்கள், எந்த ஒழுங்கும் இல்லாமல். அதில் ஒரு பெயர் இருக்கிறதா என்று பார்க்க, மோசமான நிலையில், ஒரு லட்சம் பெயர்களையும் படிக்க வேண்டும். அதே பட்டியல் அகர வரிசையில் இருந்தால்? நடுவில் திறந்து பார்க்கலாம். தேடும் பெயர் அதற்கு முன்னால் வருமா, பின்னால் வருமா? முன்னால் என்றால் பின்பாதியைத் தூக்கி எறியலாம். மீதியிலும் நடுவில் திறக்கலாம். இப்படிப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போனால் பதினேழாவது கேள்வியில் விடை கிடைத்துவிடும்.

அதிசயம் இனிமேல்தான். பட்டியல் பத்து மடங்கு பெருத்தால் கேள்விகள் பத்து மடங்கு பெருகுவதில்லை; மூன்றோ நான்கோதான் கூடும். 2024 மக்களவைத் தேர்தலில் இந்தியாவின் வாக்காளர்கள் சுமார் 97 கோடி. அத்தனை பெயர்களும் ஒரே வரிசையில் அடுக்கப்பட்டிருந்தால், அவற்றில் ஒன்றைக் கண்டுபிடிக்க முப்பது கேள்விகள் போதும். பைனரி சர்ச் என்று புத்தகங்கள் சொல்வது இதைத்தான்.

அப்படியானால் முதலில் வரிசைப்படுத்த வேண்டுமே? அதற்கும் நல்ல வழி, கெட்ட வழி இருக்கின்றன. கல்லூரியில் முதலில் சொல்லித்தருவது பபிள் சார்ட். பக்கத்துப் பக்கத்துப் பெயர்களை ஒப்பிட்டு, தப்பாக இருந்தால் இடம் மாற்றிக்கொண்டே போவது. ஒரு லட்சம் பெயர்களுக்கு இப்படிச் சுமார் 500 கோடி ஒப்பீடுகள் தேவை. இன்னொன்று மெர்ஜ் சார்ட். பட்டியலைப் பாதியாகப் பிரித்து, பாதிகளை மீண்டும் பாதியாக்கி, துண்டுகளை வரிசைப்படுத்தி, கடைசியில் இரண்டிரண்டாகச் சேர்த்துக்கொண்டு வருவது. 1945-இல் கணிதமேதை ஜான் ஃபான் நாய்மன் எழுதிவைத்த வழி. இதற்குச் சுமார் 17 லட்சம் ஒப்பீடுகள் போதும்.

பெயர்கள் ஒரு கோடி ஆனால் என்ன ஆகும்? வினாடிக்கு ஒரு கோடி ஒப்பீடுகள் செய்யும் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக் கணக்குப் போட்டால், முதல் வழியில் வேலை முடிய ஏறக்குறைய 58 நாட்கள். இரண்டாவது வழியில் 24 வினாடிகள். இயந்திரம் அதேதான். அதை ஆட்டிவைக்கும் மூளை மட்டும் வேறு. வேகமான கம்ப்யூட்டர் வாங்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நினைக்கும் நிறுவனங்கள் மறக்கும் கணக்கு இது. இருமடங்கு வேகமான இயந்திரம் வந்தாலும் 58 நாட்கள் 29 நாட்களாகத்தான் குறையும்.

பின்கோடு சொல்லும் பாடம்

இவை ஏதோ அமெரிக்க ஆராய்ச்சிக்கூடத்து ரகசியங்கள் என்று நினைக்க வேண்டியதில்லை. தினமும் தபால்காரர் கொண்டுவரும் உறையிலேயே ஓர் அல்காரிதம் இருக்கிறது. 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்த ஆறு இலக்கப் பின்கோடு, தபால் துறை அதிகாரியாகவும் சம்ஸ்கிருத அறிஞராகவும் இருந்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கரின் யோசனை. ஒரே பெயரில் பல ஊர்கள், பல மொழிகளில் முகவரிகள், புரியாத கையெழுத்து. இந்தக் குழப்பத்துக்கு நடுவே கடிதத்தைச் சரியான இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

முதல் எண் 6 என்றால் தெற்கே தமிழ்நாடு, கேரளம். 5 என்றால் ஆந்திரம், தெலங்கானா, கர்நாடகம். முதல் மூன்று எண்கள் 600 என்றால் சென்னை, 625 என்றால் மதுரை, 570 என்றால் மைசூர். ஒவ்வோர் எண்ணும் ஒரு கிளை. நாட்டின் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட தபால் நிலையங்களில் கடிதம் போய்ச் சேரவேண்டிய பகுதியை ஆறே முடிவுகளில் பிடித்துவிடலாம். கம்ப்யூட்டர் மாணவர்கள் 'ட்ரீ' என்று நோட்டில் தலைகீழாக வரைவது இந்த மரத்தைத்தான். டேட்டாபேஸ்களுக்குள் கோடிக்கணக்கான பதிவுகளிலிருந்து ஒன்றை நொடியில் எடுத்துக் கொடுப்பதும் இதன் ஒன்றுவிட்ட சகோதரன்தான். 1970-களின் தொடக்கத்தில் போயிங் நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் பேயர், மெக்ரைட் உருவாக்கிய பி-ட்ரீ. டேட்டாபேஸ் தேர்வில் 'இண்டெக்ஸ் என்றால் என்ன' என்ற கேள்விக்கு மனப்பாட விடை எழுதும் மாணவருக்கு, மூன்றாவது செமஸ்டரில் பார்த்த மரம்தான் இங்கே மறுபடி வந்திருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை.

மைசூர் என்றதும் தமிழறிஞர்களுக்கு நினைவு வருவதும் ஒரு தேடல் பிரச்சினைதான். இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு இந்த ஊரில் இருக்கிறது. தமிழகக் கோயில் சுவர்களிலிருந்து எடுக்கப்பட்ட ஆயிரக்கணக்கான கல்வெட்டு மசிப்படிகள் பல பத்தாண்டுகளாக இங்கேதான் வைக்கப்பட்டிருந்தன. அவற்றைச் சென்னைக்கு மாற்றும்படி 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. எங்கே வைப்பது என்ற சண்டை ஒருபுறம் இருக்கட்டும். இத்தனை ஆயிரம் தாள்களில் ஒரு சோழர் கல்வெட்டை ஆராய்ச்சியாளர்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து வெளிவரும் ஆண்டறிக்கைகளில் ஒவ்வொரு கல்வெட்டுக்கும் ஒரு வரிசை எண் உண்டு. ஆண்டும் எண்ணும் தெரிந்தால் போதும், குவியலைக் கிளற வேண்டாம். சேமித்துவைப்பது வேறு, தேடினால் கிடைக்கும்படி சேமித்துவைப்பது வேறு. இந்த வித்தியாசம் புரிந்தவருக்குப் பாடத்தில் பாதி புரிந்துவிட்டது.

மீதிப் பாதிக்கு மைசூர் பஸ் நிலையம் உதவும். வெள்ளிக்கிழமை மாலை கோவைக்குக் கிளம்பும் ஒருவருக்கு எது குறுக்கு வழி? சாம்ராஜ்நகர், ஆசனூர் வழியாக திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி சத்தியமங்கலம் போகலாம். குண்டல்பேட்டை, பந்திப்பூர், கூடலூர் வழியாக ஊட்டி ஏறி மேட்டுப்பாளையத்தில் இறங்கலாம். பெங்களூர், சேலம் என்று சுற்றியும் போகலாம். ஊர்களைப் புள்ளிகளாகவும் சாலைகளைக் கோடுகளாகவும் வரைந்தால் அதுவே 'கிராஃப்'. ஒவ்வொரு கோட்டின் மேலும் ஆகும் நேரத்தை எழுதிவிட்டு, மிகக் குறைந்த மொத்தத்தைக் கண்டுபிடிப்பதே புதிர்.

1956-இல் ஆம்ஸ்டர்டாமில் தன் வருங்கால மனைவியுடன் கடைகளைச் சுற்றிக் களைத்து ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்த எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்ற இளைஞர், காகிதமும் பேனாவும் இல்லாமல் இருபதே நிமிடத்தில் இதற்கு விடை கண்டார். அருகில் உள்ள புள்ளியிலிருந்து தொடங்கி, இதுவரை தெரிந்தவற்றில் மிகக் குறைந்த தூரத்தை ஒவ்வொன்றாக உறுதி செய்துகொண்டே போவது அவர் வழி. இன்று செல்போனில் வழி காட்டும் மென்பொருட்களின் மூதாதை அதுதான்.

மைசூர்க்காரர்களுக்கு இதில் ஒரு கொசுறும் உண்டு. வன விலங்குகளைக் காப்பாற்றுவதற்காக 2009 முதல் பந்திப்பூர்ச் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 வரை போக்குவரத்துக்குத் தடை. திம்பம் பாதையிலும் 2022-இல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இரவுக் கட்டுப்பாடு வந்தது. அதாவது கோட்டின் மேல் எழுதிய எண், கடிகாரத்தைப் பொறுத்து மாறுகிறது. பகல் 3 மணிக்குச் சரியான விடை, இரவு 10 மணிக்குத் தப்பு. புத்தகத்து அல்காரிதத்தை அப்படியே ஒப்பிப்பவர் இங்கே மாட்டிக்கொள்வார். காரணம் புரிந்து படித்தவர் அதைத் திருத்தி எழுதிக்கொள்வார். நல்ல நிறுவனங்களின் நேர்முகத் தேர்வுகள் சோதிக்க விரும்புவது இதைத்தான்.

எங்கே தவறுகிறது?

பாடநூல்களுக்குப் பஞ்சமில்லை. சொல்லப்போனால், இந்தத் துறையில் உலகமே படித்த புத்தகங்களில் ஒன்றில் ஓர் இந்தியரின் கை இருக்கிறது. எல்லிஸ் ஹோரோவிட்ஸுடன் சேர்ந்து 1976-இல் டேட்டா ஸ்ட்ரக்சர் பாடநூலை எழுதிய சர்தாஜ் சாஹ்னி, கான்பூர் ஐ.ஐ.டி.யில் 1970-இல் பட்டம் பெற்றவர். அதே கான்பூரில் 1965-இல் நாட்டின் முதல் கம்ப்யூட்டர் சயன்ஸ் மேற்படிப்பு தொடங்கக் காரணமாக இருந்தவர்களில் ஒருவர் ஈரோட்டில் பிறந்த பேராசிரியர் வி. ராஜாராமன். அவர் எழுதிய எளிய பாடநூல்களில் புரோகிராமிங் கற்ற தலைமுறைகள் பல. அதே கல்விக்கூடத்துக்கு, மைசூரின் நேஷனல் இன்ஸ்டிடியூட் ஆஃப் இன்ஜினீயரிங்கில் 1967-இல் பட்டம் வாங்கிய ஓர் இளைஞரும் போய்ச் சேர்ந்தார். பெயர் என்.ஆர். நாராயணமூர்த்தி. 1981-இல் ஆறு நண்பர்களுடன் அவர் தொடங்கிய நிறுவனம்தான் பிறகு தன் பயிற்சி மையத்தை மைசூருக்கே கொண்டுவந்தது.

விதை நன்றாகவே இருந்தது. நாற்றங்கால்தான் கெட்டுப்போனது. 1990-களுக்குப் பிறகு ஊருக்கு ஊர் முளைத்த இன்ஜினீயரிங் கல்லூரிகளில் இந்தப் பாடம் எப்படி நடக்கிறது என்பது அதைக் கடந்து வந்த எவருக்கும் தெரியும். 'லிங்க்டு லிஸ்ட் என்றால் என்ன, அதன் நன்மை தீமைகளை எழுதுக' என்று 16 மார்க்கில் ஒரு கேள்வி. முந்தைய ஐந்து வருட வினாத்தாள்களைப் புரட்டினால் போதும். லேப் என்பது ஏற்கனவே எழுதப்பட்ட புரோகிராமைத் தட்டச்சு செய்யும் இடம். ரெக்கார்டு நோட்டு சீனியரிடமிருந்து ஜூனியருக்குப் பரம்பரைச் சொத்தாகப் போகிறது. புரோகிராம் ஓடாவிட்டால் ஏன் ஓடவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் படிப்பு. ஆனால் அதற்குத்தான் நேரம் இருப்பதில்லை.

தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்து வருபவருக்கு இன்னொரு சுமை. அவருக்கு வரிசை தெரியும், அடுக்கு தெரியும், கிளை தெரியும். இவையே க்யூ, ஸ்டாக், ட்ரீ என்று வேடம் மாறி வரும்போது விஷயம் கடினமா, இங்கிலீஷ் கடினமா என்று பிரித்துப் பார்க்க அவகாசம் தரப்படுவதில்லை. மெக்கானிக்கல், சிவில் படித்துவிட்டு வருபவர்களின் நிலை இன்னும் விசேஷம். எல்லாப் பிரிவினரையும் ஐ.டி. நிறுவனங்கள் எடுக்கின்றன. நான்கு ஆண்டுகளில் மற்றவர்கள் படித்திருக்க வேண்டியதை இவர்கள் நான்கைந்து மாதங்களில் விழுங்க வேண்டும். பல்லாயிரம் பேர் அப்படி விழுங்கித் தேறியும் இருக்கிறார்கள். மைசூர் வளாகத்தின் உண்மையான சாதனை அதன் தூண்களில் இல்லை, அதில் இருக்கிறது. அந்தச் சாதனையே கல்லூரிகள்மீது வைக்கப்பட்ட குற்றப்பத்திரிகையும்கூட.

இதில் ஒரு நிபுணருக்கும் தலைக்கனம் வர நியாயமில்லை. எளிதென்று மேலே சொன்ன பைனரி சர்ச்சையே பாருங்கள். யோசனை 1946-லேயே அச்சில் வந்துவிட்டது. எல்லா அளவுப் பட்டியலுக்கும் பிழையின்றி வேலை செய்யும் வடிவம் அச்சேற அதன் பிறகு பத்தாண்டுகளுக்கு மேல் ஆனது. அமெரிக்காவின் ஜான் பெண்ட்லி, அனுபவமுள்ள புரோகிராமர்களுக்கு இரண்டு மணி நேரம் கொடுத்து இதை எழுதச் சொன்னபோது பத்தில் ஒன்பது பேரின் விடையில் பிழை. அவரே சரியென்று காட்டிய வடிவத்திலும் ஒரு ஓட்டை இருந்தது 2006-இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. அதை எழுதி உலகுக்குச் சொன்னவர் ஜோஷுவா பிளாக். உலகமெங்கும் பயன்படும் ஜாவா மொழியின் நூலகத்திலேயே அது ஒன்பது ஆண்டுகள் ஒளிந்திருந்தது. நடுப்புள்ளியைக் கண்டுபிடிக்க இரண்டு எண்களைக் கூட்டும்போது, பட்டியல் 107 கோடிக்கு மேல் போனால், கூட்டுத்தொகை கம்ப்யூட்டர் ஒதுக்கிய இடத்துக்குள் அடங்காமல் வழிந்துவிடும். கூட்டல் கணக்கில் பிழை! அடிப்படை என்பது சுலபம் என்று பொருளல்ல.

வேறு வழிகள்

கல்லூரிக்கு வெளியே வழிகள் திறந்துகொண்டிருக்கின்றன. சென்னை மேத்தமேட்டிகல் இன்ஸ்டிடியூட்டின் பேராசிரியர் மாதவன் முகுந்த், அல்காரிதம் பற்றியும் பைத்தான் மொழி வழியே டேட்டா ஸ்ட்ரக்சர் பற்றியும் நடத்திய பாடங்கள் ஐ.ஐ.டி.களின் என்.பி.டெல். திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பள்ளி மாணவர்களுக்கான சர்வதேச இன்ஃபர்மேட்டிக்ஸ் ஒலிம்பியாடில் 2002 முதல் இந்தியா பங்கேற்கிறது. அதற்கான முதல் சுற்றில் கம்ப்யூட்டரே தேவையில்லை. காகிதமும் பென்சிலும் போதும். சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் தொடங்கிய ஆன்லைன் பட்டப்படிப்பில் வேறு கல்லூரியில் படித்துக்கொண்டே சேரலாம். தமிழக அரசின் 'நான் முதல்வன்' திட்டம் 2022-இல் வந்தது. பிளஸ் டூ முடித்தவர்களை நேரே எடுத்து, உதவித்தொகை கொடுத்துப் புரோகிராமிங் கற்றுத்தரும் வழியை ஸோஹோ நிறுவனம் அதற்கும் வெகு முன்பே ஆரம்பித்துவிட்டது.

ஆனால் வீடியோ பார்ப்பது நீச்சல் போட்டியை டிவியில் பார்ப்பது போன்றது. நன்றாகத் தேறியவர்கள் கையாளும் முறைகள் பழைய காலத்து வாத்தியார்கள் சொன்னவைதான். புரோகிராமைத் தட்டச்சு செய்வதற்கு முன் ஐந்தாறு எண்களை வைத்துக்கொண்டு காகிதத்தில் ஒவ்வொரு படியாக ஓட்டிப் பார்ப்பது. பட்டியல் காலியாக இருந்தால் என்ன ஆகும், ஒரே ஒரு பெயர் இருந்தால் என்ன ஆகும், எல்லாப் பெயரும் ஒன்றாகவே இருந்தால் என்ன ஆகும் என்று குடைந்து கேட்பது. இது எத்தனை படிகள் எடுக்கும், தகவல் இருமடங்கானால் எத்தனை ஆகும் என்று எண்ணிப் பார்ப்பது. விடையைப் பார்த்துவிட்டால் மறுநாள் அதை மூடிவைத்துவிட்டு மறுபடி எழுதிப் பார்ப்பது. ஒரே வாரத்தில் ஐம்பது புதிர்களை மேய்வதைவிட, பத்துப் புதிர்களை அடிவரை தோண்டுவது மேல்.

கேட்ட மாத்திரத்தில் புரோகிராம் எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவு வந்தபிறகு இதெல்லாம் எதற்கு என்று ஒரு கேள்வி இப்போது கல்லூரிகளில் எழுகிறது. கால்குலேட்டர் வந்தபோதும் வாய்ப்பாடு எதற்கு என்று கேட்டார்கள். இயந்திரம் எழுதித்தந்தது 24 வினாடி வழியா, 58 நாள் வழியா என்று பார்த்தவுடன் சொல்ல ஒருவர் வேண்டும். அந்த ஒருவருக்குத்தான் இனி சம்பளம்.

மைசூர் விவகாரத்தில் யார் பக்கம் நியாயம் என்பது பற்றி வாதங்கள் இருக்கலாம். பயிற்சியில் இருப்பவர் ஊழியரா, மாணவரா? இரண்டு ஆண்டுகள் காக்க வைத்ததற்கு யார் பொறுப்பு? மூன்று தேர்வுகள் ஒரு வாழ்க்கையைத் தீர்மானிக்கலாமா? இவை தொழிலாளர் சட்டமும் மனசாட்சியும் சேர்ந்து பதில் சொல்லவேண்டிய கேள்விகள். இன்னொரு கேள்விக்கான பதில் மைசூரில் இல்லை. அது நாமக்கல்லிலும் விருதுநகரிலும் காஞ்சிபுரத்திலும் உள்ள வகுப்பறைகளில், மூன்றாவது செமஸ்டரில், ஏதோ ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையில் இருக்கிறது. கரும்பலகையில் ஆசிரியர் வட்டங்களையும் அம்புக்குறிகளையும் வரைகிறார். கடைசி பெஞ்சில் ஒரு மாணவர் அதை அப்படியே நோட்டில் காப்பி எடுக்கிறார். நடுவில் உள்ள வட்டத்தை எடுத்துவிட்டால் அம்புக்குறி எங்கே போய் நிற்கும் என்று அவருக்கு ஒரு சந்தேகம். கையைத் தூக்குவதா வேண்டாமா என்று யோசிக்கிறார். அவர் கையைத் தூக்கினால், ஆசிரியரும் நின்று பதில் சொன்னால், பின்னாளில் மைசூர் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அவர் பெட்டி கொஞ்சம் இலேசாக இருக்கும்.

பெட்டிச் செய்தி: ஐந்து அடுக்குகள்

அரே: தியேட்டர் இருக்கை. எண் தெரிந்தால் நேரே போய் உட்காரலாம். ஆனால் நடுவில் ஒருவரைப் புகுத்த வேண்டுமென்றால் வரிசை முழுக்க நகர வேண்டும்.

லிங்க்டு லிஸ்ட்: ரயில் பெட்டிகள். கொக்கியைக் கழற்றி நடுவில் ஒரு பெட்டியைச் சேர்ப்பது சுலபம். ஆனால் பன்னிரண்டாவது பெட்டிக்குப் போக முதல் பதினொன்றையும் கடக்க வேண்டும்.

ஸ்டாக்: கல்யாணப் பந்தியில் அடுக்கிய தட்டுகள். கடைசியில் வைத்ததுதான் முதலில் கையில் வரும். கம்ப்யூட்டரில் செய்த தப்பை ஒவ்வொன்றாகப் பின்வாங்குவது இதன் உதவியால்.

க்யூ: ரேஷன் கடை வரிசை. முதலில் வந்தவருக்கு முதலில். அவசர நோயாளியை முன்னே விடும் ஆஸ்பத்திரி வரிசைக்கு ப்ரையாரிட்டி க்யூ என்று பெயர்.

ஹாஷ் டேபிள்: கோயில் வாசலில் செருப்பு விடும் இடத்து டோக்கன். டோக்கன் எண்ணே எந்த மாடம் என்று சொல்லிவிடும், தேடவே வேண்டாம். இரண்டு ஜோடிகளுக்கு ஒரே மாடம் வந்தால் என்ன செய்வது என்பதுதான் இதில் உள்ள ஒரே வம்பு. 1953-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன் எழுதிய குறிப்பில் முளைத்த யோசனை இது.